ரெடிஸ் செய்தால் துரோகம், நாங்கள் செய்தால் நியாயமா?

கேள்வி:

அண்ணா, கோண்டாவிலில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஒரு மென்பொருள் கொம்பனி நடத்துகிறோம். யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு சனலிங் சென்டருக்கு நம்பர் குடுக்கிற, பில் போடுகிற சிஸ்டம் செய்து குடுத்திருக்கிறோம். தரவுகளைச் சேமிக்கப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும், அடிக்கடி பார்க்கிற தரவை வேகமாக எடுக்க ரெடிஸும் பாவிக்கிறோம். அங்கத்தை டொக்டரின் மகன் லீவில் வந்த இடத்தில், "ரெடிஸ்காரர் லைசன்ஸை மாத்திப்போட்டாங்கள், இனிப் பில் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டொக்டர் இப்போது எங்களைப் பிடித்துக் கேட்கிறார். எனக்கும் ஆத்திரம்தான். சும்மா தந்து, எல்லாரையும் பழக்கிப்போட்டுப் பிறகு மாற்றுவது துரோகம் இல்லையா?

இன்னொரு விஷயம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த எழுத்தை யூனிகோடுக்கு மாற்றுகிற லைப்ரரி ஒன்றைக் கம்பஸில் படிக்கிற காலத்தில் எழுதி, யாரும் பாவிக்கலாம் என்கிற எம்ஐடி லைசன்ஸில், லைப்ரரிகளைப் பகிர்கிற என்பிஎம் தளத்தில் போட்டேன். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று அதைத் தன்னுடைய ஆவணத் தேடல் மென்பொருளுக்குள் வைத்து ஐரோப்பாவில் விற்கிறது. ஒரு சதம் தரவில்லை. பிழை இருந்தால் மட்டும் எழுதுகிறார்கள். லைசன்ஸை மாற்றிக் காசு கேட்கலாமா? கடைசியாக, கொஞ்ச மாதமாக ஒருவர் நல்ல திருத்தங்கள் அனுப்புகிறார். ஆளை நேரில் தெரியாது. தனக்கும் வெளியிடுகிற அனுமதி வேண்டுமாம். குடுக்கட்டா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தின் முதல் பந்தியும் இரண்டாம் பந்தியும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டுகின்றன. ரெடிஸ் செய்தது துரோகம் என்கிறீர்கள். அடுத்த மூச்சில் அதையே நான் செய்யட்டா என்று கேட்கிறீர்கள். பகிடி பண்ணவில்லை. இந்த விவாதத்தில் இரண்டு கரையிலும் நிற்பவர்கள் மிகக் குறைவு, நீங்கள் நிற்கிறீர்கள். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம். முதலில் டொக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும், அவர்தான் காத்திருக்கிறார்.

பில் வராது. இதை அவருக்கு எழுத்திலேயே குடுக்கலாம்.

நடந்தது இதுதான். ரெடிஸ் 2009 இல் சல்வத்தோரே சன்ஃபிலிப்போ என்ற இத்தாலியர் தொடங்கியது. பிஎஸ்டி லைசன்ஸ், யாரும் எதற்கும் பாவிக்கலாம். 2024 மார்ச்சில் ரெடிஸ் கொம்பனி, 7.4 வேர்ஷனில் இருந்து அந்த லைசன்ஸைக் கைவிட்டு வேறு இரண்டை வைத்தது. அவற்றில் உள்ள கட்டுப்பாட்டின் சாரம்: ரெடிஸை நீங்கள் ஒரு சேவையாக மற்றவர்களுக்கு நடத்திக் குடுக்கப்போனால் எங்களோடு பேசி வாருங்கள், இல்லாவிட்டால் அந்தச் சேவையை நடத்துகிற கோட் முழுவதையும் திறந்து வையுங்கள். இது அமேசன் மாதிரி கிளவுட் கொம்பனிகளைக் குறிவைத்த வசனம். சனலிங் சென்டரில் பதின்மூன்றாம் நம்பர் உள்ளே போய்விட்டதா என்று பார்க்க ரெடிஸ் பாவிக்கிறவரை அது தொடாது. பிறகு 2025 மேயில் வந்த ரெடிஸ் 8 இல் ஏஜிபிஎல் லைசன்ஸையும் (கோடை மாற்றிச் சேவையாக நடத்தினால் அந்த மாற்றத்தையும் திறந்துவைக்கச் சொல்கிற திறந்த மூல லைசன்ஸ்) ஒரு தெரிவாகச் சேர்த்துவிட்டார்கள். ரெடிஸின் கோடில் கை வைக்காமல் பக்கத்தில் ஓடவிட்டுப் பாவிக்கிற உங்களுக்கு அதனாலும் தொல்லை இல்லை.

டொக்டரின் மகன் கேள்விப்பட்டது பொய்யல்ல, ஆனால் அரைக் கதை. லைசன்ஸ் மாற்றம் பின்னோக்கிப் போகாது. பிஎஸ்டியில் வெளிவந்த 7.2 என்றைக்கும் பிஎஸ்டிதான், அதைக் குடுத்தவராலும் திரும்ப வாங்க முடியாது. முதலில் சேர்வருக்குள் போய் உங்களிடம் ஓடுவது எந்த வேர்ஷன் என்று பாருங்கள். 7.2 அல்லது அதற்கு முந்தியது என்றால் வால்கீக்கு மாறுவது ஒரு பின்னேர வேலை. லைசன்ஸ் மாறி ஒன்றரைக் கிழமைக்குள் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ், அமேசன், கூகிள், ஒராக்கிள் எல்லாம் கைகொடுக்க, ரெடிஸ் 7.2.4 இலிருந்து பிரித்தெடுத்த கிளைதான் வால்கீ. அதே கட்டளைகள். சேமித்த தரவுக் கோப்பையும் அப்படியே வாசிக்கும். ஆனால் 7.4 இற்கு ஏறிவிட்டீர்கள் என்றால் கவனம்: அது எழுதுகிற கோப்பு வால்கீக்கு விளங்காது, தரவை வேறு வழியால் கொண்டுபோக வேண்டும். மாறுகிற எண்ணம் இருந்தால், யாரும் தற்செயலாக அப்டேட் பண்ண முதல் மாறிவிடுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு சில நூறு நோயாளிகள் வருகிற இடத்துக்கு ரெடிஸ் எதற்கு? நம்பர் வரிசையைப் போஸ்ட்கிரெஸ் தனியாகவே சுமக்கும். ஒரு பொருள் குறைந்தால் அதன் லைசன்ஸ் செய்தியும் உங்களுக்கு வேண்டாத செய்தியாகிவிடும்.

சரி, துரோகமா? கொம்பனிகளின் மனக்குறை உண்மையானது. தேடல் மென்பொருள் செய்கிற எலாஸ்டிக் கொம்பனி 2021 ஜனவரியில், பிஎஸ்டி மாதிரித் தாராளமான அப்பாச்சி லைசன்ஸைக் கைவிட்டபோது வெளிப்படையாகவே அமேசனைக் குற்றம் சாட்டியது: எங்கள் பொருள், எங்கள் பேர், காசு மட்டும் அவர்களுக்கு. சேர்வர்களைக் கோடால் அமைக்கிற டெராஃபோமைச் செய்த ஹாஷிகோர்ப் 2023 ஓகஸ்டில் அதே பாதையால் போனது. அதற்கு முன்னரே, 2018 இல், ரெடிஸ் வைத்த இரண்டில் ஒன்றான எஸ்எஸ்பிஎல் என்ற கடுமையான லைசன்ஸை எழுதித் தொடக்கிவைத்தது மொங்கோடிபி என்ற தரவுத்தளக் கொம்பனி. எது திறந்த மூலம் என்று வரையறுக்கிற ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு அதைத் திறந்த மூலமாக ஏற்கவே இல்லை. இன்ன தொழிலுக்குப் பாவிக்கலாம், இன்ன தொழிலுக்குப் பாவிக்கக்கூடாது என்று பிரிக்கிற லைசன்ஸ் அவர்களுடைய வரைவிலக்கணத்துக்குள் அடங்காது.

ஆனால் இந்தக் கொம்பனிகள் வளர்ந்ததே அந்தத் தாராள லைசன்ஸால்தான். யாரையும் கேட்காமல் பாவிக்கலாம் என்றதால்தான் கோண்டாவிலில் மூன்று பேர் ரெடிஸை எடுத்தார்கள். அப்படி எடுத்த இலட்சக்கணக்கானவர்களைக் காட்டித்தான் முதலீடு திரட்டினார்கள். காசு பார்க்கிற நேரம் வந்ததும், நாங்கள் ஏமாந்துவிட்டோம் என்பது எனக்கு அவ்வளவாக ஏறவில்லை. அதிலும் ரெடிஸ் கொம்பனி, மையப்பகுதி என்றைக்கும் பிஎஸ்டியாகவே இருக்கும் என்று 2018 இல் பகிரங்கமாகச் சொன்னது. சட்டப்படி மாற்ற அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆட்களைக் கோபப்படுத்தியது சொல் மாறினதுதான்.

அதற்குக் குடுத்த விலையையும் பாருங்கள், உங்கள் இரண்டாம் கேள்விக்கு அது வேண்டும். எலாஸ்டிக்கில் இருந்து அமேசன் ஓப்பன்சேர்ச்சைப் பிரித்தது. டெராஃபோமில் இருந்து ஓப்பன்டோஃபு பிரிந்தது. ரெடிஸில் இருந்து வால்கீ. எலாஸ்டிக் 2024 ஓகஸ்டிலும் ரெடிஸ் 2025 மேயிலும் ஏஜிபிஎல் என்ற அசல் திறந்த லைசன்ஸோடு திரும்பி வந்தன. போன கிளைகள் திரும்பவில்லை. ரெடிஸின் உள்வீடு தெரிந்த, கொம்பனிக்கு வெளியே இருந்த ஆட்கள் சிலர் இன்று வால்கீயில் வேலை செய்கிறார்கள். லைசன்ஸைத் திரும்ப மாற்றலாம், ஆட்களை அப்படி எடுக்க முடியாது.

இனிமேல் ஒரு திறந்த மூலப் பொருளைத் தெரிவு செய்யும்போது லைசன்ஸ் கோப்பைத் திறந்து பேரைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் காணி வாங்குகிறவர் வேலியையும் கிணற்றையும் பார்த்ததோடு காசை எண்ணிக் குடுப்பாரா? உறுதி யாருடைய பேரில், பங்காளிகள் எத்தனை பேர் என்று தோண்டித் துருவித்தானே பார்ப்பார். லைசன்ஸ் சொல்வது இன்றைய நிலையை. நாளைக்கு அடுத்த வேர்ஷனை என்ன லைசன்ஸில் விடலாம் என்பதை, பதிப்புரிமை யார் கையில் என்பதுதான் தீர்மானிக்கும்.

லினக்ஸின் மையமான கேர்ணலை எடுங்கள். லைசன்ஸ் ஜிபிஎல் 2. அதில் எழுதிய ஆயிரக்கணக்கானவர்களுடைய உரிமை அவரவரிடமே இருக்கிறது. இது என் கோட்தான், தர எனக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி ஒப்பம் மட்டும் போடுகிறார்கள். எல்லாரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க முடியாது என்பதால் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் நினைத்தாலும் லைசன்ஸை மாற்ற முடியாது. ஹாஷிகோர்ப்பிலும் எலாஸ்டிக்கிலும் அப்படி இல்லை. திருத்தம் அனுப்புகிற ஒவ்வொருவரும், கொம்பனி இதை விரும்பிய லைசன்ஸில் வெளியிடலாம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துத்தான் அனுப்பினார்கள். கதவின் திறப்பு கொம்பனியிடமே இருந்தது. எம்ஐடியும் பிஎஸ்டியும் வேறு ரகம். ஒப்பந்தமே தேவையில்லை. பழைய பதிப்புரிமை வரிகளை வைத்துக்கொண்டு அடுத்த வேர்ஷனை யாரும் மூடலாம், ரெடிஸில் நடந்தது அதுதான். அப்படியான இடத்தில் பார்க்க வேண்டியது: பெயரின் வணிகக்குறி யாரிடம், முக்கியமாக எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கொம்பனியா சம்பளம் குடுக்கிறது? போஸ்ட்கிரெஸின் லைசன்ஸும் மிகத் தாராளமானது. ஆனால் எழுதுகிறவர்கள் பல கொம்பனிகளில் சிதறி இருக்கிறார்கள், ஒரு முதலாளி இல்லை. டொக்டரின் கணக்குவழக்கு முழுவதும் அதில் இருக்கிறது என்றால் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

இனி உங்கள் பாமினி லைப்ரரி.

கோடைப் போய்ப் பார்த்தேன், நல்ல வேலை. வெளியில் இருப்பவர்கள் இதை ஒரு எழுத்துக்கு இன்னொரு எழுத்தை மாற்றிப்போடுகிற அட்டவணை என்று நினைப்பார்கள். பாமினியில் 'கொ' மூன்று துண்டு: கொம்பு முன்னால், ககரம் நடுவில், அரவு பின்னால். கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் அடிக்கிறோம். யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. அதுவரை சரி, அரை நாள் வேலை. 'கௌரி' வந்தால்தான் சோதனை. பாமினியில் ஔகாரக் குறியின் பின்துண்டும் ளகரமும் ஒரே விசை. கொம்பு, ககரம், ளகரம் என்று வந்தால் அது 'கௌ' வா, 'கெள' வா என்று மெசினுக்குத் தெரியாது. நீங்கள் அதற்கு ஒரு சொற்பட்டியல் வைத்து, சொல்லின் தொடக்கமா நடுவா என்றும் பார்க்கிறீர்கள். பழைய அச்சகக் கோப்புகளில் ஆக்கள் இரண்டு கொம்பு அடித்து ஏகாரமாக்கின கோலத்தையும் பிடித்திருக்கிறீர்கள். அது இங்கே அச்சகத்தில் இருந்து கோப்பு வாங்கிப் பார்த்த ஆளுக்குத்தான் தெரியும். உங்கள் கையிருப்பு இந்த அறிவுதான். லைசன்ஸ் கோப்பில் என்ன வரி இருந்தாலும் அது மாறாது.

லைசன்ஸை மாற்றினால் என்ன ஆகும்? இதுவரை வெளியிட்டவை எம்ஐடியாகவே கிடக்கும். அந்தக் கொம்பனி பழைய வேர்ஷனோடு நிற்கும், அல்லது தானே பிரித்தெடுத்துக்கொள்ளும். எம்ஐடியின் வசனத்தில் விற்கலாம் என்றே எழுதியிருக்கிறது, அவர்கள் களவெடுக்கவில்லை. அடிபடுவது இங்கத்தை ஆட்கள்: பழைய மலரை யூனிகோடாக்குகிற பள்ளிக்கூடம், சங்கம், ஊர் நூலகம். லைசன்ஸ் மாறிவிட்டது என்றதும் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது, பயத்தில் விட்டுவிடுவார்கள். அமேசனிடம் அடிவாங்கிய எலாஸ்டிக்காவது கிளை பிரிந்த பிறகும் நின்றுபிடிக்கப் பெரிய கொம்பனி. உங்களுடையது தனி ஆள் திட்டம். ஒரு கிளை பிரிந்தாலே ஆள் மிஞ்சாது. மாற்றாதீர்கள்.

காசு கேட்கலாம், தாராளமாக. ஆனால் கோடுக்கு அல்ல, வேலைக்கு.

முதலில் எம்ஐடி கேட்கிற ஒரே நிபந்தனையை அவர்கள் மதித்திருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் பதிப்புரிமை வரியும் லைசன்ஸ் வாசகமும் அவர்கள் பொருளோடு போக வேண்டும். மென்பொருளைத் திறந்து 'பற்றி' என்ற பகுதிக்குள் போனால் திறந்த மூல உரிமங்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கும், அதில் உங்கள் பெயர் இருக்கிறதா? இல்லை என்றால் மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் அது பஞ்சிதான், வஞ்சகம் இல்லை. ஆனால் கடிதத் தொடர்பு அங்கேயே தொடங்கிவிடும், அவர்களுடைய சட்டப் பிரிவின் கண்ணிலும் நீங்கள் படுவீர்கள்.

அடுத்தது, ஐரோப்பாவில் விற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இது உங்களுக்கு லைசன்ஸை விடப் பெரிய பிடி. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. தாக்குகிறவர்கள் ஏற்கனவே பாவித்துவருகிற பாதுகாப்பு ஓட்டைகளை அறிவிக்கிற கடமை 2026 செப்டெம்பரில் இருந்து, முழுக் கடமைகளும் 2027 டிசம்பரில் இருந்து. பொருளை விற்கிற உற்பத்தியாளர் அதற்குள் வைத்த ஒவ்வொரு பாகத்தையும் ஆராய்ந்திருக்க வேண்டும், திறந்த மூலமாக இருந்தாலும் தான் வைத்ததற்குத் தானே பொறுப்பு. வியாபார நோக்கமில்லாமல் கோடைப் பகிர்கிறவரின் தலையில் அந்தச் சுமை இல்லை. ஆகவே, "உங்கள் பாகத்தைப் பராமரிக்கிற ஆள் நான் ஒருவன்தான், எந்த உத்தரவாதமும் இல்லாமல் செய்கிறேன், வருட ஒப்பந்தம் போட்டால் இன்ன நாளுக்குள் பிழை திருத்தித் தருவேன்" என்று எழுதினால், அதைப் பிச்சைக் கடிதமாக அவர்கள் வாசிக்க மாட்டார்கள். தனி ஆளாக இல்லாமல் உங்கள் கொம்பனிப் பேரில் எழுதுங்கள். இன்வாய்ஸ் போட்டு வங்கிக் கணக்குக்கு நேரே வருகிற மாதிரிக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: செலவை ஈடுகட்டுவதைத் தாண்டி ஆதரவுக்குக் காசு வாங்கினால் உங்களையும் வியாபாரமாகப் பார்க்க அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த எல்லையை ஒப்பந்தத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரோடு இருந்து வாசியுங்கள்.

அவர்கள் மாட்டோம் என்றால்? அப்போது பிழை அறிக்கைக்கு உடனே ஓடத் தேவையில்லை. "பார்த்தேன், நேரம் கிடைக்கும்போது செய்வேன்" என்பது முழுக்க மரியாதையான பதில். நீங்கள் இரவிரவாக இருந்து திருத்திக் குடுத்துப் பழக்கிவிட்டீர்கள் போலத் தெரிகிறது.

கோடைத் திறந்துவைத்து வேலைக்குக் காசு வாங்குவது இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. 2005 இல் கொழும்பில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2, அப்பாச்சி லைசன்ஸில் கோடைக் குடுத்து ஆதரவுச் சேவையில் உழைத்த கொம்பனி. 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிய லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷனோடு சேர்ந்தவர்கள் எழுதிய சஹானா, பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களுக்கும் போனது.

உங்கள் சனலிங் சிஸ்டத்தை ஒரு நாள் திறக்கிற யோசனை இருந்தால் அது வேறு கதை. அங்கே தொடக்கத்திலேயே ஏஜிபிஎல் போட்டு, மூடிவைத்து விற்க விரும்புகிறவருக்குத் தனி லைசன்ஸ் விலைக்கு என்று முதல் நாளே அறிவித்துவிடலாம். அதை யாரும் துரோகம் என்று சொல்ல மாட்டார்கள். விளையாட்டுத் தொடங்க முதல் விதி சொல்லியாகிவிட்டது.

கடைசியாக, அந்த முகம் தெரியாத உதவியாளர். வெளியிடுகிற அனுமதி இப்போது வேண்டாம்.

காரணம் எக்ஸ்இசட். லினக்ஸ் சேர்வர்களில் பரவலாக இருக்கிற ஒரு சுருக்கல் லைப்ரரி. பல வருடமாக ஒரே ஒரு ஆள், சம்பளம் இல்லாமல், உடம்பும் மனமும் களைத்த நிலையில் பார்த்துவந்தது. ஜியா டான் என்ற பேரில் ஒருவர் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பினார். வேறு பேர்களில் வந்தவர்கள், ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது, வேறு ஆளிடம் குடுங்கள் என்று பராமரிப்பாளரை நச்சரித்தார்கள். அனுமதி கிடைத்தது. 2024 இல் வந்த 5.6.0, 5.6.1 என்ற இரண்டு வேர்ஷன்களிலும், சேர்வருக்குள் களவாக நுழைகிற பின்வாசல் வைத்திருந்தது. மார்ச் கடைசியில் அதைப் பிடித்தவர் அந்திரெஸ் ஃபிரொயிண்ட், நீங்கள் பாவிக்கிற போஸ்ட்கிரெஸை எழுதுகிறவர்களில் ஒருவர். சேர்வருக்குள் நுழைய வழமையை விட அரைச் செக்கன் கூட எடுக்கிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். அவர் அந்த அரைச் செக்கனைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் அது உலகம் முழுக்கப் போயிருக்கும்.

உங்கள் உதவியாளர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை, அநேகமாக நல்ல பிள்ளையாகத்தான் இருப்பார். ஆனால் ஐரோப்பாவில் விற்கிற ஆவணத் தேடல் மென்பொருளுக்குள் உங்கள் லைப்ரரி இருக்கிறது. திருத்தங்களைப் பார்வையிடுகிற, கேள்விகளுக்குப் பதில் எழுதுகிற அனுமதியைக் குடுங்கள். என்பிஎம்மில் வெளியிடுகிற திறப்பு உங்களிடமும், நேரில் தெரிந்த இன்னொருவரிடமும் மட்டும் இருக்கட்டும். உங்கள் பங்காளிகள் இரண்டு பேரில் ஒருவர் போதும். இருவரும் இரட்டைச் சரிபார்ப்புப் போடுங்கள்.

எக்ஸ்இசட்டில் பின்வாசலைத் தட்டி எழுப்பின வரிகள் எல்லாரும் பார்க்கிற கோட் களஞ்சியத்தில் (கிட்) இருக்கவில்லை, வெளியிட்ட பொதிக்குள் மட்டும் இருந்தன. அதனால் உங்கள் லப்டொப்பில் இருந்து கையால் வெளியிடுவதை நிறுத்துங்கள். களஞ்சியத்தில் உள்ளதை அப்படியே எடுத்துத் தானாக வெளியிடுகிற மாதிரி அமைத்துவிட்டால், உள்ளே இருப்பதும் வெளியே போவதும் ஒன்றுதானா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதையெல்லாம் அந்த உதவியாளருக்கும் ஒளிக்காமல் எழுதுங்கள். எக்ஸ்இசட் கதை தெரிந்தவர் என்றால் காரணம் கேட்கவே மாட்டார்.

கொம்பனிக்கு எழுதுகிற கடிதத்தை அனுப்ப முதல் எனக்கு ஒருக்கால் காட்டுங்கள். அவர்கள் பக்கத்தில் இருந்து ஒப்பந்தம் என்று ஏதாவது வந்தால், பதிப்புரிமையை எழுதித் தருகிற வசனம் உள்ளே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் வெட்டச் சொல்லுங்கள்.